உள்பக்கத் தாழ்ப்பாள்

காலை ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பேன். ஆறு மணிக்குமேல் குழாயில் தண்ணீர் வராது. இரண்டு வாளி பிடித்து மாடிக்கு ஏற்றுவேன். ஒரு வாளி போதும். இரண்டு பிடித்துப் பழகிவிட்டது. குளித்துவிட்டு ஒரு முட்டையை வேகவைத்து, முந்தின நாள் ரொட்டியைச் சுடவைத்துச் சாப்பிடுவேன். அதற்குள் கீழே தையல் கடையின் ஷட்டர் மேலே போகும் சத்தம் கேட்கும். பிறகு துடைப்பம். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்போது கடைக்கார அக்கா மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். மேலே இரண்டு சொட்டு, அடியில் மூன்று சொட்டு. அதன்பின் ஒரு கந்தைத் துணியில் நாலு வரி தைத்துப் பார்ப்பார், புதுத் துணியில் எண்ணெய் ஒட்டாமல் இருக்க. அந்த நாலு வரிச் சத்தம் முடிந்ததும் நான் படியிறங்குவேன்.

அந்த மாடியில் பதினோரு மாதம் குடியிருந்தேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் எனக்கு வேலை. பாதுகாப்பது மற்றவர்கள். நான் அளந்து, வரைந்து, பதிவேட்டில் எழுதுகிறவன். மனைவி இறந்த அடுத்த மாதம் இடமாற்றம் கேட்டேன். இந்த ஊரைக் கொடுத்தார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

தெருக்கோடியில் இருந்த கிடங்குதான் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்துச் சரக்கு வைத்த இடம். பகலில் மூட்டை சுமந்தவர்களை ராத்திரி அதே கிடங்குக்குள் விட்டு வெளியே தாழ் போடுவார்கள், ஓடிப்போகாமல் இருக்க. தெருவில் பாதிக்குமேல் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அக்காவின் மாமனார் பதினாறு வயது வரை அதற்குள் தூங்கியவர்.

கிடங்கை எல்லாரும் வந்து பார்க்கும் இடமாக மாற்ற வேண்டும் என்று உத்தரவு. சுவர் இருந்தது. கூரை பாதி இருந்தது. கதவு மட்டும் இல்லை. பழைய புகைப்படம் ஒன்று கோப்பில் இருந்தது: கனத்த ஒற்றைக் கதவு, வெளிப்பக்கம் முழ நீளத் தாழ்ப்பாள், பக்கத்தில் இடுப்பில் சாவிக்கொத்துடன் ஒரு காவலாளி.

அந்தக் காவலாளியின் பேரனும் அதே தெருதான். தச்சர். ஆனால் தெருவில் அவரை யாரும் தச்சர் என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘சாவி’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஐம்பத்தைந்து வயதிலும் போகவில்லை. “சாவி வீட்டுல கரண்ட் இல்லையாம்,” “சாவி மகளுக்குக் காய்ச்சலாம்.” கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அக்காவின் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் மூன்று வீடு. அவர் சட்டை தைக்க இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிப் போவார். அக்காவின் முக்காலிக் கால் உடைந்தால் சந்தைப் பக்கத்திலிருந்து வேறு தச்சர் வருவார். சண்டை ஒன்றும் கிடையாது. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மழை நாளில் என் இரண்டாவது வாளி சாய்ந்தது. பலகைத் தளம். தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிட்டது.

“தம்பி! மேல என்ன, குளமா வெட்டுற?” என்று மாமாவின் குரல் கேட்டது. அக்காவின் கணவர். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி, முழங்கால் போய், இப்போது கடை பெஞ்சில் உட்கார்ந்து பித்தான் தைக்கிறார். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

இறங்கி ஓடினேன். துணி வெட்டும் மேசைமேல் பள்ளிச் சீருடைத் துணி விரித்திருந்தது. அக்கா அதை வாரி மிஷின்மேல் போட்டுவிட்டிருந்தார்.

“மன்னிச்சிருங்கக்கா. வாளி சாஞ்சிடுச்சு.”

“துணி தப்பிச்சுது. கம்பளிதான் ஊறிப்போச்சு. அந்தப் பக்கம் பிடி.”

மேசையின் மேல் துணி சறுக்காமல் இருக்கக் கம்பளி விரித்து, சுற்றிலும் ஆணி அடித்திருந்தது. மாமனார் அடித்த ஆணி. குறடு ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

“முப்பது வருஷத்துல இதைக் கழட்டினதே இல்ல,” என்றார் அக்கா. “கிழிஞ்சா மேல இன்னொரு துணியப் போட்டுத் தச்சுடுவேன். அந்தா, அந்த மூலையில மட்டும் சாக்பீஸ் எப்பவும் ஒரு துள்ளு துள்ளும். பலகை ஒழுங்கில்லன்னு திட்டிக்குவேன்.”

கம்பளி வந்தது. கீழே கருத்த, நாலு விரல் கனப் பலகை. சுவரோரமாக இருந்த பாதியில் நெருக்கமாகக் கோடுகள். ஒவ்வொன்றும் நக அகலம். ஆணியால் கிழித்தவையும் இருந்தன, நகத்தாலேயே தேய்த்தவையும் இருந்தன. அவற்றின் நடுவே ஒரு ஓட்டை. மேலே அகலமாகத் தொடங்கி, உள்ளே போகப்போகக் குறுகி, விரல் நுழையும் அளவுக்கு வந்து நின்றது. பழந்துணியை உருட்டி அடைத்திருந்தார்கள்.

நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். முழ நீள இரும்பு. அக்கா அதில் கத்திரிக்கோல்களைத் தொங்கவிட்டிருந்தார். இத்தனை மாதத்தில் பாதி நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

“அக்கா, இது கிடங்குக் கதவு.”

அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா கையிலிருந்த பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று அவரிடம் கேட்டார்.

“தெரியும்.”

“தெரிஞ்சா...”

“அப்பா சொன்னாரு. வெள்ளைக்காரன் போன அன்னிக்கு ஊரே கொடி பிடிக்கப் போயிருந்துச்சாம். இவரு கடப்பாரையைத் தூக்கிட்டுக் கிடங்குக்குப் போனாரு. கீலை உடைச்சு, நாலு பேரா சுமந்துட்டு வந்தாங்க. இனிமே எவனும் அதைச் சாத்தக் கூடாது, அவ்வளவுதான்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இதுமேல துணி வெட்டியிருப்பியா?”

அக்கா ஈரக் கம்பளியை மடித்துப் படிக்கட்டில் போட்டார். திரும்பி வந்து ஒரு கோட்டின்மேல் விரலை வைத்து அதன் கடைசி வரை ஓட்டினார்.

“இதை எழுதப் போறியா தம்பி?”

“எழுதாம இருக்க முடியாதுக்கா.”

“எழுதினா கேட்டு வருவாங்க.”

“வருவாங்க.”

“வந்து எடுத்துட்டுப் போயி, அங்கயே மறுபடி மாட்டுவாங்க. சாத்துறதுக்கு.”

அன்று மத்தியானம் பதிவேட்டில் எழுதினேன். ஒரு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். தோன்றவில்லை.

எங்கள் துறை அதிகாரி இரண்டாம் நாள் வந்தார். செருப்பெல்லாம் சேறு. நல்ல மனுஷி. கதவைத் தொடும் முன் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஓட்டைக்கு முன்னால் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

“இது கிடைக்கும்னு நெனைக்கவே இல்லம்மா,” என்றார்.

“கிடைக்கலம்மா. இருந்துச்சு,” என்றார் அக்கா. “நூத்தி அறுபது சீருடை பாக்கி. பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள். இதைக் குடுத்துட்டு மடியில வச்சா வெட்டுறது?”

“புது மேசை செஞ்சு தருவோம். எங்க வேலைக்கு இந்தத் தெருத் தச்சர்தான் வர்றாரு. அவரே செய்வாரு. கதவை மாட்டப்போறதும் அவருதான்.”

“யாரு, சாவியா?”

அதிகாரிக்கு அந்தப் பெயர் தெரியாது. மாமா பெஞ்சில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கதவை எங்கிட்ட வாங்கி, சாவிகிட்ட குடுத்து மாட்டுறீங்க. ரொம்பப் பொருத்தம்மா. பூட்டு வாங்கி நீங்க வச்சுக்குங்க.”

நான் புரியவைத்தேன். அதிகாரி முகம் சிவந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னார். “போட்டோவுல இருக்கிறபடி, தாழ்ப்பாள் வெளியில தெரிய மாட்டணும்மா. நடந்ததை நடந்தபடி காட்டணும். இல்லன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லம்பான்.”

“சரி. நடந்ததைக் காட்டுங்க. என் மாமனாரு அதை நிறுத்தினாரு. அதுவும் நடந்ததுதானே? அதை எப்படிக் காட்டுவீங்க?”

அதிகாரி டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தெரியலம்மா,” என்றார். “மாட்டினா அவரு நிறுத்தினது தெரியாது. மாட்டலன்னா பூட்டி வச்சதே தெரியாது. நிஜமாவே எனக்குத் தெரியல.”

அக்கா அவருக்கு இன்னொரு டீ ஊற்றினார். சம்மதம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தக் கடையில் துணி வெட்டவில்லை. அக்கா புதுக் கம்பளி விரித்தார். துணியைப் போட்டார். சாக்பீஸ் அந்த மூலையில் துள்ளியதும் நிறுத்தினார். கத்திரிக்கோலை எடுத்தார், வைத்தார். பிறகு தரையில் பாய் விரித்து அதன்மேல் வெட்டப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. இதற்கு நடுவில் தெருவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மீன் விற்கிறவர் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, ஓட்டையில் இருந்த துணியை எடுத்து விரலைவிட்டுப் பார்த்து, மறுபடி அடைத்தார். பஸ் கண்டக்டர் சீருடையோடு வந்து நின்றார். “எங்க சித்தப்பாவும் இருந்தாராம்” என்பார்கள். போய்விடுவார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் கம்பளியைத் தூக்கிக் காட்டி, மறுபடி விரித்தார்.

நாலாம் நாள் காலை நான் படியிறங்கியபோது சொன்னார்.

“எடுத்துட்டுப் போகச் சொல்லு தம்பி. எனக்கு இனிமே இதுமேல கத்திரிக்கோல் வைக்க வராது. ஆனா மேசை முதல்ல வரணும். என் உயரத்துக்கு வரணும். அவனே வந்து அளந்துட்டுப் போகட்டும்.”

“தாழ்ப்பாள் வெளியிலதான்கா வரும்.”

“அதான் சொன்னாளே அந்தம்மா. காது கேக்குது எனக்கு.”

தச்சர் சாயங்காலம் வந்தார். பிறந்து வளர்ந்த தெருவில் அந்தக் கடைக்குள் முதல் தடவை. செருப்பை வாசலில் விட்டார். எல்லாரும் செருப்போடு வந்து போகும் கடை.

“என்ன சாவி, கோயிலா இது? உள்ள வா,” என்றார் மாமா.

அவர் முதலில் கதவுக்குத்தான் போனார். தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். “நல்ல மரம். ஓரம் ரெண்டையும் கரையான் தின்னிருக்கு. கீல் இருந்த இடமே போச்சு. புதுக் கட்டை வச்சு ஒட்டணும்.” அப்புறம் கோடுகளைப் பார்த்தார்.

“உங்க தாத்தா வெளிய நின்னு பார்த்த கதவு,” என்றார் மாமா. “நீ உள்பக்கம் பாக்குற.”

“எங்க தாத்தா எங்கிட்ட பேசினதே இல்லண்ணே. யார்கிட்டயும் பேசல. வேலை போச்சு, கதவும் போச்சு, ஆனா சாவிக்கொத்து மட்டும் இடுப்புலயே இருந்துச்சு. சோறு திங்கும்போது தரையில இடிச்சுச் சத்தம் கேக்கும். செத்தப்புறம்தான் அவுத்தோம்.”

“இப்ப எங்க அது?”

“அப்பா கொண்டுபோய்க் கடல்ல வீசிட்டாரு.”

“அந்த அதிகாரி அம்மாகிட்ட சொல்லிடாத. கடலை இறைக்கச் சொல்லும்.”

தச்சர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். பிறகு தச்சர் அக்காவை நேராக நிற்கச் சொல்லி, தரையிலிருந்து அவர் இடுப்பெலும்பு வரை அளவுகோலை நிறுத்தி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். அக்காவின் கண் அவர் தோளில் நின்றது.

“இந்தச் சட்டையை யாரு தச்சது?”

“பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தரு.”

“தோள் முழங்கையில கிடக்குது. காலர் நாக்கு மாதிரி தொங்குது. முப்பது வருஷமா இப்படித்தான் திரியுறியா?”

“பழகிப்போச்சு தையல்காரம்மா.”

“பழகுறதுக்கு இது என்ன செருப்பா? நில்லு. கையை விரி.”

கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்தார். தச்சர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றார்.

மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. “அப்படியே நில்லு சாவி. எங்கப்பா தினம் கிடங்கு வாசல்ல இப்படித்தான் நிப்பாராம். உங்க தாத்தா தடவிப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவாராம்.”

நாடா அவர் மார்பைச் சுற்றிப் பாதியில் நின்றது. மாமாவுக்கே தான் சொன்னது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும்; ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார், கோத்திருந்த ஊசியில்.

“தெரியும்ணே,” என்றார் தச்சர். கையைக் கீழே போடவில்லை.

“மார்பு நாப்பது,” என்றார் அக்கா. “தம்பி, எழுது.”

எழுதினேன்.

“கையைக் கீழ போடலாமா தையல்காரம்மா?”

“இன்னும் முதுகு இருக்கு.”

மேசை பத்தாம் நாள் வந்தது. இடுப்புக்குச் சரியாக இருந்தது. அடியில் கத்திரிக்கோல் தொங்கவிட தச்சர் கேட்காமலே மரக்கொக்கி நாலு வைத்திருந்தார். அன்றே கதவை எட்டுப் பேர் தூக்கிப் போனார்கள். கதவு இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் வெளிறித் தெரிந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சீருடைத் துணியை விரித்தார். நூற்று அறுபதுக்கு நடுவில் ஒரு சட்டையையும் வெட்டினார்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அதிகாரி என்னிடம் சொன்னார்: “அன்னிக்கு அந்தத் தையல்காரம்மா ஏதாவது சொல்வாங்க. ஒரு நல்ல வாக்கியம் கிடைச்சா கதவுக்குப் பக்கத்துல பலகையில போட்டுடலாம். நீங்க குறிச்சுக்குங்க.”

நல்ல வாக்கியம் எப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று அவளுடைய அம்மா கேட்டபோது, ‘எல்லாரையும் பார்த்துக்குங்க’ என்று சொன்னாள் என்றேன். அவர்கள் வீட்டில் எல்லாரும் அதைச் சொல்லி அழுதார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். அவள் சொன்னது, “ஃபேனைக் கொஞ்சம் குறைங்க.” நான் எழுந்து குறைத்துவிட்டுத் திரும்பினேன்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் கதவு மாட்டினார்கள். கீல்கள் பழைய மாதிரியில் கொல்லரிடம் சொல்லி அடித்தவை. நான் உயரம், அகலம், சாய்வு என்று எழுதிக்கொண்டிருந்தேன். தச்சர் கிடங்குக்குள் நின்று, தாழ் போய் நுழைவதற்காக உள்பக்கச் சட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். உளிச் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வரைபடம் என் கையில்தான் இருந்தது. மறுபடி குனிந்து உயரத்தை எழுதினேன். பார்த்தும் புரியவில்லையா, புரிந்தும் சொல்லவில்லையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை அதிகாரிதான் கண்டுபிடித்தார். மந்திரி வர ஐந்து நிமிஷம்தான் இருந்தது. கையில் புகைப்படத்தோடு கதவுக்கு முன்னால் நின்றார். வெளியே, தெருவைப் பார்த்து, அந்தக் கோடுகள் இருந்தன. தாழ்ப்பாளைக் காணவில்லை.

“தாழ் எங்க?”

“உள்ள,” என்றார் தச்சர். புதுச் சட்டை போட்டிருந்தார். தோள் தோளில் நின்றது.

“உள்ளயா? போட்டோவுல வெளியில இருக்கே! வரைபடம் குடுத்தோமே!”

“தாழ்ப்பாள் இருக்கிற பக்கம்தானேம்மா உள்பக்கம்?” அவர் குழம்பிப்போயிருந்தார். “முப்பத்தஞ்சு வருஷமா கதவு மாட்டுறேன். எந்த வீட்டுலயும் வெளியில தாழ் வச்சு மாட்டினதில்லையே. கை அப்படித்தான்...” சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். எந்தக் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்தது. “ஐயோ. கழட்டிடுறேன்மா. இப்பவே கழட்டிடுறேன்.”

“சுவர்ல வெளிப்பக்கம் பழைய துளை இருந்துச்சே, அதைக்கூடப் பார்க்கலையா?”

“அதைக் கொத்தனாருங்க பூசிட்டாங்கம்மா.”

தெரு முழுக்கக் கூடியிருந்தது. மந்திரியின் கார் முனையில் திரும்பியது. அக்கா மாமாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கதவைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார். அவர் கையில் திருப்புளி இருந்தது.

“என்னாச்சு?”

நான் சொன்னேன். “தாழ்ப்பாள் உள்பக்கம் வந்துடுச்சுக்கா. தவறுதலா.”

அக்கா மாமாவின் கையை என்னிடம் கொடுத்தார். கதவைத் தள்ளினார். கீல் நீளமாகக் கத்தியது. உள்ளே போனார். கதவு மூடியது. பிறகு, இரும்பு இரும்பில் உரசி, தாழ் உள்ளிருந்து விழும் சத்தம் கேட்டது.

மந்திரி இறங்கி வந்து நின்றார். அதிகாரி அவர் காதில் ஏதோ சொன்னார். நிருபர்கள் இரண்டு பேர். நான் கடிகாரம் பார்த்தேன், பழக்கம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

“இவ சமையல்கட்டுக்குள்ள போனாலும் இப்படித்தான், லேசுல வரமாட்டா,” என்றார் மாமா. சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

ஓட்டையில் அடைத்திருந்த துணி உள்ளிருந்து இழுக்கப்பட்டது. ஒரு கண் தெரிந்தது. காவலாளி நின்றிருக்கக்கூடிய இடத்தில், அவர் பேரன் அக்கா தைத்த சட்டையில் நின்றுகொண்டிருந்தார். கண் அவரைப் பார்த்தது. அவர் நகரவில்லை. கையிலிருந்த திருப்புளியை மெல்லப் பையில் போட்டார். பிறகு இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் முன்னால் கோத்துக்கொண்டார்.

நாலாவது நிமிஷம் தாழ் விலகியது. கதவு மறுபடி கத்திக்கொண்டு திறந்தது. அக்கா வெளியே வந்தார். கண் ஈரமாக இல்லை. முந்தானையில் தாழ்ப்பாளின் துரு.

மறுநாள் பத்திரிகையில், ‘நாங்கள் மன்னித்துவிட்டோம்’ என்று அவர் சொன்னதாகப் போட்டிருந்தார்கள். இன்னொன்றில், ‘காயம் ஆறிவிட்டது.’ அதிகாரி இரண்டையும் கத்தரித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கதவைத் திருப்பி மாட்டப்போவதில்லை, தவறுதலாக மாட்டப்பட்டது என்பதையும் எழுதி அப்படியே விடப்போகிறோம் என்றார். அதற்காக மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

“பலகைக்கு எந்த வாக்கியம்?” என்று கேட்டார். “நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க.”

பதிவேட்டைத் திறந்து அவருக்குக் காட்டினேன். தேதி, நேரம், கதவின் உயரம், அகலம். அதற்குக் கீழே, அக்கா வெளியே வந்து, மந்திரியைத் தாண்டி, நிருபர்களைத் தாண்டி, நேராகத் தச்சரிடம் போய்ச் சொன்னது இருந்தது. வெளியே வந்தபின் அங்கே அவர் சொன்னது அது ஒன்றுதான்.

“கீல் ரொம்பக் கத்துதுண்ணே. இருங்க, மிஷின் எண்ணெய் இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.”